நாற்பது ஆம்பியருக்குள் ஒரு வீடு: உச்ச மின்தேவையைக் கணக்குப் போடுவது எப்படி?

உங்கள் வீட்டு டிபி பெட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன சுவிட்சுகளுக்கு நடுவே அகலமானது ஒன்றிரண்டு இருக்கும். அதில் டெஸ்ட் பட்டன் உள்ளது ஆர்சிசிபி. அதன் மேல் 63 என்று அச்சடித்திருந்தாலும் அதை நம்பிக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். அது மின்கசிவை மட்டும் பார்க்கிற ஆள், நீங்கள் எவ்வளவு கரண்ட் இழுக்கிறீர்கள் என்பது அதற்குக் கவலையே இல்லை. நமக்கு வேண்டியது மெயின் சுவிட்ச். சில வீடுகளில் அது வெளியே மீட்டர் பக்கத்தில் இருக்கும். அதில் 40 என்று போட்டிருந்தால் உங்களுடையது 40 ஆம்பியர் வீடு. 1994க்கு முன்னால் சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடாக இருந்து, இடையில் யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் 30 என்றுகூட இருக்கலாம்.

40 ஆம்பியர் என்றால் எவ்வளவு? சிங்கப்பூரில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 9,200 வாட். அதாவது ஒரே நேரத்தில் சுமார் 9.2 கிலோவாட் வரை இழுக்கலாம். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் வீட்டுச் சாமான்களின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளை ஒவ்வொன்றாகப் படித்துக் கூட்டிப் பார்த்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கும்.

கூட்டியே பார்ப்போம். நாலறை வீடு (மூன்று படுக்கையறை, ஒரு கூடம்), கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும் (ஹீட்டர், கெட்டில் மாதிரி சூடாக்கும் சாமான்களுக்கு இது சரியாகவே பொருந்தும், மோட்டார் உள்ளவற்றுக்குப் பவர் ஃபேக்டர் என்று ஒன்று குறுக்கே வந்து ஆம்பியரைக் கொஞ்சம் கூட்டும், தொடக்கத்தில் அதை விட்டுவிடலாம்). விளக்கும் மின்விசிறியும் எல்லாம் சேர்த்து 550 வாட், 2.4 ஆம்பியர். மூன்று அறைக்கும் சேர்த்து ஒரே வெளிப்பெட்டியில் ஓடும் ஏர்கான், லேபிளில் அதிகபட்சம் 12 ஆம்பியர். குளியலறை டேங்க் ஹீட்டர் 3 கிலோவாட், 13 ஆம்பியர். இரண்டு அடுப்பு உள்ள இண்டக்‌ஷன் 3.5 கிலோவாட், 15.2. ஓவன் 2.8 கிலோவாட், 12.2. கெட்டில் 9.6, சோறு குக்கர் 3, அயர்ன் பாக்ஸ் 10.4, வெந்நீரில் துவைக்கும் வாஷிங் மெஷின் 8.7, மைக்ரோவேவ் 5.2, ஹேர் டிரையர் 7. மிக்சி 3.3, கிரைண்டர் 0.7, குளிர்சாதனப் பெட்டி 0.7, டிவியும் கணினிகளும் 1.7.

மொத்தம் 105 ஆம்பியர். மெயின் சுவிட்ச் 40.

இருந்தும் வீடு ஓடுகிறது. ஏன் என்று கேட்டால், பதிலை எல்லாருமே சொல்லிவிடுவார்கள்: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுவதில்லை. கல்யாணத்துக்கு ஐந்நூறு பத்திரிகை கொடுக்கிறோம் என்பதற்காக ஐந்நூறு பேருக்கும் ஒரே பந்தியில் இலை போடுவதில்லை, அந்த மாதிரி. எந்தப் பந்தியில் அதிகமாக ஆள் உட்கார்வார்கள், அப்போது எத்தனை இலை வேண்டும் என்பதுதான் கேள்வி. மின்சாரத்தில் அந்த எண்ணுக்குப் பெயர் உச்சத் தேவை, மேக்சிமம் டிமாண்ட். எல்லாச் சாமானையும் கூட்டி வரும் 105க்குப் பெயர் இணைத்த சுமை, கனெக்டட் லோட். முதலாவது இரண்டாவதில் எத்தனை பங்கு என்று ஊகிக்கிற வேலையைத்தான் டைவர்சிட்டி என்பார்கள்.

ஊகம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். கேபிளின் தடிமன், மின்னழுத்த இழப்பு எல்லாம் அளந்து சொல்லக்கூடியவை. உச்சத் தேவை அப்படி இல்லை, அது வீட்டில் இருப்பவர்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், எப்போது குளிக்கிறார்கள், எப்போது துணி துவைக்கிறார்கள் என்பதைப் பற்றிய ஒரு மதிப்பீடு. அதனால்தான் ஒரே வீட்டுக்கு இரண்டு எஞ்சினியர்கள் இரண்டு பதில் சொல்லி, இரண்டு பேருமே சரியாக இருக்க முடிகிறது.

சரி, மதிப்பீடு என்றால் எங்கிருந்து தொடங்குவது? சிங்கப்பூரில் மின்நிறுவல்களுக்கான நடைமுறை விதித் தொகுப்பு எஸ்எஸ் 638, அதற்கு முன் இருந்தது சிபி 5. இவற்றின் வேர் பிரிட்டிஷ் வயரிங் விதிகளில் இருக்கிறது, நம் சுவரில் இருக்கும் மூன்று செவ்வகக் கால் 13 ஆம்பியர் பிளக் அங்கிருந்து வந்த மாதிரியே. பிரிட்டனில் எலக்ட்ரீஷியன்கள் கையில் வைத்துக்கொள்ளும் வழிகாட்டியில் ஒரு டைவர்சிட்டி அட்டவணை உண்டு. தனி வீட்டுக்கு அது சொல்வது ஏறக்குறைய இதுதான். விளக்குகளில் 66 விழுக்காட்டை எடுத்துக்கொள். சமையல் சாமான்களில் முதல் 10 ஆம்பியரை முழுசாக எடு, மீதியில் 30 விழுக்காடு, அடுப்பின் சுவிட்சிலேயே ஒரு சாக்கெட்டும் இருந்தால் இன்னும் 5 ஆம்பியர். உடனடி வாட்டர் ஹீட்டர்களில் பெரியது இரண்டும் முழுசாக, மூன்றாவதிலிருந்து 25 விழுக்காடு. டேங்க் ஹீட்டருக்குச் சலுகையே கிடையாது, முழுசாக எடு. சாக்கெட் சர்க்யூட்டுகளில் பெரியதை முழுசாக எடு, மற்றவற்றில் 40 விழுக்காடு.

இந்த விழுக்காடுகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, அது புரிந்தால் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அடுப்புக்கு ஏன் அவ்வளவு சலுகை? ஓவன் சூடானதும் தானே அணைந்து அணைந்து எரியும், இண்டக்‌ஷனும் சாம்பாரைக் கொதிக்க வைத்த பிறகு சிம்மில்தான் ஓடும். எல்லா அடுப்பும் முழு வேகத்தில் இருப்பது சில நிமிடம்தான். டேங்க் ஹீட்டருக்கு ஏன் சலுகை இல்லை? சுவிட்சைப் போட்டால் தண்ணீர் சூடாகும் வரை அது விடாமல் முழுக் கரண்ட் இழுக்கும். 25 லிட்டர் டேங்கில் 27 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 3 கிலோவாட் ஹீட்டருக்குச் சுமார் 19 நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுக்க 13 ஆம்பியர், ஒரு புள்ளி குறையாது. இரண்டு உடனடி ஹீட்டரையும் முழுசாக எடுக்கச் சொல்வது, காலையில் இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் ஆள் இருப்பது எந்த ஊரிலும் நடக்கிற விஷயம் என்பதால்.

நம் நாலறை வீட்டை அட்டவணையில் போட்டுப் பார்ப்போம். விளக்கு, விசிறி 2.4இல் 66 விழுக்காடு, 1.6. ஏர்கான் 12. டேங்க் ஹீட்டர் 13. அடுப்பும் ஓவனும் சேர்ந்து 27.4, அதில் முதல் 10 போக மீதி 17.4இன் 30 விழுக்காடு 5.2, ஆக 15.2. சாக்கெட்டுக்கு இரண்டு 32 ஆம்பியர் சர்க்யூட் இருப்பதாக வைத்தால் ஒன்று முழுசாக 32, இன்னொன்றில் 12.8, ஆக 44.8. கூட்டினால் 86.6 ஆம்பியர்.

105 குறைந்து 86.6 ஆனது, ஆனாலும் 40க்கு இரண்டு மடங்குக்கு மேல்! முதல் தடவை கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புவார்கள், எங்கேயோ கூட்டல் தப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். கூட்டலில் தப்பில்லை. 86.6இல் பாதிக்கு மேல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: சாக்கெட் சர்க்யூட்டிலிருந்து, அதுவும் சாக்கெட்டில் என்ன செருகியிருக்கிறீர்கள் என்றே பார்க்காமல், பிரேக்கரின் (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்சின்) மேல் எழுதிய 32ஐ அப்படியே எடுத்ததால். குளிர்காலத்தில் ஒவ்வொரு அறையிலும் 2 கிலோவாட், 3 கிலோவாட் ஹீட்டரைச் செருகிவைக்கிற ஊருக்கு அது நியாயம். சிங்கப்பூரின் தெம்பனிஸில் யார் சாக்கெட்டில் ரூம் ஹீட்டர் செருகப் போகிறார்கள்? அதே அட்டவணையில் ஏர்கானுக்கென்று வீட்டு வரிசையில் ஒரு வரிகூட இல்லை, நமக்கோ இரவு முழுக்க ஓடுவது அதுதான். அங்கே தண்ணீர் ஐஸ் மாதிரி வருவதால் உடனடி ஹீட்டர் 8, 9 கிலோவாட் என்று போகும், இங்கே குழாயில் வருவதே வெதுவெதுப்பு என்பதால் 3.3 கிலோவாட் போதும். ஆக, அட்டவணை சொல்லும் விழுக்காடுகள் ஒரு தொடக்கம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு இங்கே போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இதைவிட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது, கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். ஒரு தாளில் வீட்டின் ஒரு நாளை மணி வாரியாக எழுதுங்கள். எந்த நேரத்தில் எது எது ஒன்றாக ஓடுகிறது என்று மட்டும் பாருங்கள்.

நள்ளிரவு இரண்டு மணி. மூன்று அறையிலும் ஏர்கான் ஓடுகிறது. அறை குளிர்ந்துவிட்டதால் ஏர்கானின் இன்வர்ட்டர் தன்னைக் குறைத்துக்கொண்டு 5 ஆம்பியர் பக்கம் நிற்கிறது என்று வைப்போம். குளிர்சாதனப் பெட்டியும் சேர்த்து 6 ஆம்பியர்கூட வராது. பில்லில் பெரிய பங்கு ஏர்கானுடையதாக இருக்கலாம், ஆனால் உச்சத் தேவை வரும் நேரம் இதுவல்ல. பில்லைக் கூட்டுவது வேறு, மெயினைத் தட்டிவிடுவது (தானே அணைய வைப்பது) வேறு, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

காலை ஆறேகால். டேங்க் ஹீட்டர் 13, பாட்டியின் காப்பிக்குக் கெட்டில் 9.6, பெரிய பிள்ளையின் ஹேர் டிரையர் 7, அறையில் இன்னும் அணைக்காத ஏர்கான் 5, விளக்குகள் 1.5, குளிர்சாதனப் பெட்டி 0.7. மொத்தம் 36.8. 40க்குள் இருக்கிறது, ஆனால் ஒட்டித்தான். இந்த நேரத்தில் யாராவது பள்ளிச் சீருடைக்கு அயர்ன் பாக்ஸைப் போட்டால் 47.

மாலை ஏழரை. இதுதான் ஆபத்தான பந்தி. இண்டக்‌ஷனில் இரண்டு அடுப்பும், 15.2. சோறு குக்கர் 3. வேலையிலிருந்து வந்தவர் குளிக்கிறார், ஹீட்டர் 13. வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்குகிற கட்டத்தில் இருக்கிறது, 8.7. பிள்ளைகள் படிக்கும் அறையில் ஏர்கான் இப்போதுதான் போட்டது, 6. விளக்கு 2, டிவி, கணினி 1.7, குளிர்சாதனப் பெட்டி 0.7. கூட்டினால் 50.3 ஆம்பியர்.

அப்படியென்றால் மெயின் தட்டிவிட வேண்டுமே? சில நாள் தட்டும், பல நாள் தட்டாது. பேய் பிசாசு ஒன்றும் இல்லை, மெயினும் ஒரு பிரேக்கர்தான், வீட்டு பிரேக்கர்களுக்கான ஐஇசி 60898 என்ற சர்வதேசத் தரம் சொல்வதே அப்படித்தான். எழுதிய எண்ணைப் போல் 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரத்துக்கு அது தட்டக்கூடாது. 1.45 மடங்கு வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தட்டியே ஆக வேண்டும். 40க்கு இந்த எல்லைகள் 45.2, 58. நம் 50.3 நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூடாகி வளைவதற்குள் ஹீட்டரின் 19 நிமிடம் முடிந்துவிட்டால் தப்பித்தீர்கள். முடியாவிட்டால் சாம்பார் பாதியில் இருட்டு. இன்னொன்று, இந்த எல்லைகள் 30 டிகிரி வெப்பத்தில் அளந்தவை. பொய்க்கூரைக்கு அடியில், காற்றே போகாத அலமாரிக்குள் டிபி பெட்டியை மறைத்துவைத்தால் உள்ளே அதைவிடச் சூடாக இருக்கும், பிரேக்கர் முன்கூட்டியே தட்டும். அழகுக்காக டிபி பெட்டியைத் தச்சு வேலைக்குள் அடைக்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். உச்சத் தேவை என்பது ஒரு நொடி எகிறுகிற எண் இல்லை. மிக்சியைப் போட்ட நொடியில் கரண்ட் துள்ளும், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கேபிளையும் பிரேக்கரையும் சூடாக்குகிற அளவுக்கு நீடிக்கிற சுமைதான் கணக்கு. மின்துறையில் தேவையை அரை மணி நேரச் சராசரியாக அளப்பதும் அதனால்தான். ஸ்மார்ட் மீட்டர் வந்த வீடுகளில் பயன்பாட்டையும் அரை மணி வாரியாகப் பார்க்கலாம், ஆனால் அதில் ஒரு சின்னப் பொறி உண்டு. அரை மணியில் 3 கிலோவாட்-மணி என்று காட்டினால் அந்த அரை மணிச் சராசரி 6 கிலோவாட், அதாவது 26 ஆம்பியர். அதற்குள் பத்து நிமிடம் 50 ஆம்பியர் போயிருந்தாலும் சராசரி அதை மறைத்துவிடும். படத்தில் எந்த நேரம் உயரம் என்று தெரிந்துகொள்ள அது நல்லது, மெயின் சுவிட்சை முடிவு செய்ய அது மட்டும் போதாது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பேச்சு வரும்.

"அண்ணே, அடிக்கடி தட்டுது, பேசாம நாப்பத எடுத்துட்டு அறுபத்து மூணு போட்டுடுங்களேன்."

"போடலாம்மா, அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அதுக்குப் பின்னாடி வர்ற கேபிள் நாப்பதுக்குத்தானே போட்டிருக்கு? அப்புறம் தட்டாது, எரியும்."

அந்த அண்ணன் சொல்வதுதான் மொத்த விதியும். உச்சத் தேவையைவிட பிரேக்கர் பெரியதாக இருக்க வேண்டும், பிரேக்கரைவிட கேபிளின் தாங்குதிறன் பெரியதாக இருக்க வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் பிரேக்கருக்கு முன் கேபிள் சூடாகும். மெயினை மாற்றுவது, 30ஐ 40 ஆக்குவது எல்லாம் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் வழியாகத்தான் நடக்க வேண்டும், வீவக வீடென்றால் கழகத்தின் நிபந்தனைகளும் உண்டு. உரிமத்தில் மூன்று படிகள் இருக்கின்றன: எலக்ட்ரீஷியன், டெக்னீஷியன், எஞ்சினியர். எலக்ட்ரீஷியன் உரிமம் 45 கேவிஏ (கிலோவோல்ட்-ஆம்பியர், வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது) வரை செல்லும், சாதாரண வீட்டு வேலைக்கு அதுவே தாராளம்.

தரைவீட்டுக்காரர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். மூன்று ஃபேஸ் (மின்சாரம் மூன்று தனித்தனி வயரில் வரும் இணைப்பு) 63 ஆம்பியர் என்றால் 400 வோல்ட், 63 ஆம்பியர், 1.732 (மூன்றின் வர்க்கமூலம்) மூன்றையும் பெருக்க வேண்டும், 43.6 கேவிஏ வரும். இவ்வளவு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, ஏனென்றால் 63 என்பது ஒவ்வொரு ஃபேசுக்கும் தனித்தனி எல்லை. மின்கார் சார்ஜர் 32 ஆம்பியர், இரண்டு உடனடி ஹீட்டர் 28.7, ஓர் ஏர்கான் 8, இவை எல்லாம் ஒரே ஃபேசில் வந்து விழுந்தால் அந்த ஃபேசில் 68.7. மற்ற இரண்டு ஃபேசும் சும்மா 10 ஆம்பியரில் உட்கார்ந்திருக்கும், மொத்தத்தைப் பார்த்தால் பாதி கூட ஆகியிருக்காது, ஆனாலும் அந்த ஒரு ஃபேஸ் எல்லையைத் தாண்டி நிற்கும். மூன்று ஃபேஸ் வீட்டில் உச்சத் தேவை என்பது மிக மோசமான ஃபேசின் எண். மொத்தத்தை மூன்றால் வகுத்துப் போடுவது காகிதத்தில் மட்டும் அழகு.

மின்கார் சார்ஜருக்கு டைவர்சிட்டி என்று ஒன்றைக் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி. 7.4 கிலோவாட் சார்ஜர் 30 கிலோவாட்-மணியை ஏற்ற நாலு மணி நேரம் எடுக்கும், நாலு மணி நேரமும் 32 ஆம்பியர், அடுப்பு மாதிரி அணைந்து அணைந்து எரிகிற வேலை எல்லாம் அதனிடம் கிடையாது. வீட்டின் மொத்தக் கரண்டைப் பார்த்துத் தன்னைக் குறைத்துக்கொள்கிற சுமை மேலாண்மை உள்ள சார்ஜர் போட்டால் மட்டும் கணக்கு இளகும், அப்போதும் அது சார்ஜர் செய்து கொடுக்கிற வேலை, நாம் ஊகித்தது இல்லை.

இனி ஒரு முழு புளோக்கை எடுத்துக்கொள்வோம், டைவர்சிட்டி தன் முழுப் பலத்தைக் காட்டுவது அங்கேதான். நூறு வீடு, ஒவ்வொன்றுக்கும் 9.2 கேவிஏ, கூட்டினால் 920 கேவிஏ. அப்படி யாரும் கட்டுவதில்லை. உங்கள் வீட்டில் ஹீட்டர் ஓடும்போது பக்கத்து வீட்டில் ஆள் வேலையிலிருந்தே வந்திருக்க மாட்டார், மேல் வீட்டில் சமையல் முடிந்திருக்கும், எதிர்வீட்டில் இன்றைக்கு உணவங்காடிக் கடையில் சாப்பாடு. வீடுகளின் எண்ணிக்கை கூடக் கூட உச்சங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுவது குறையும். பிரெஞ்சுத் தரம் ஒன்றில் இதற்குத் தெளிவான எண்கள் இருக்கின்றன: நாலு வீடு வரை 1, அதாவது தள்ளுபடியே இல்லை. ஐந்திலிருந்து ஒன்பது வீடு வரை 0.78. இருபத்தைந்து வீட்டுக்கு 0.46. ஐம்பதும் அதற்கு மேலும் 0.38. நம் நூறு வீட்டு புளோக்குக்கு அதைப் போட்டால் 350 கேவிஏ, வீட்டுக்குச் சராசரி 15 ஆம்பியர்தான். இதோடு மின்தூக்கி, தண்ணீர் பம்ப், நடைபாதை விளக்கு எல்லாம் தனிக் கணக்காகச் சேரும், அது நகர மன்றத்தின் பில்லில் வருவது.

ஆனால் அதே பிரெஞ்சுக்காரர்கள் ஒரு எச்சரிக்கையும் வைத்திருக்கிறார்கள். மின்சாரத்தைக் கொண்டு வெப்பத்தைச் சேமித்து வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு இருந்தால் எத்தனை வீடாக இருந்தாலும் 0.8தான் போட வேண்டும். குளிர் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வரும், ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடும், ஆளுக்கொரு பழக்கம் என்கிற வாதம் அங்கே செல்லாது. இதை நம் ஊருக்குத் திருப்பிப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாத ஓர் இரவில் புளோக் முழுக்க ஏர்கான் ஓடும், புழுக்கம் மூன்றாம் மாடிக்கு ஒன்று, பதிமூன்றாம் மாடிக்கு ஒன்று என்று வருவதில்லை. ஆக ஏர்கான் பங்கை மட்டும் பிரித்தெடுத்து அதற்குத் தள்ளுபடியைக் குறைத்துப் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன்.

பண்டிகையும் இப்படித்தான். தீபாவளிக்கு நம் வீட்டில் கிரைண்டர், ஓவன், எல்லா அறையிலும் ஏர்கான், வந்த விருந்தாளிக்கெல்லாம் கெட்டில் என்று மெயின் திணறினாலும் புளோக்குக்கு ஒன்றும் ஆகாது, ஒரு மாடியில் நம்மவர்கள் வீடு ஒன்றோ இரண்டோதான். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய மாலை வேறு மாதிரி, பெரும்பாலான வீடுகளில் ஒரே நேரத்தில் குடும்பமே கூடிச் சாப்பாடு. புளோக்குக்கு உச்சத் தேவை போடுகிறவர் அந்த மாலையை மனதில் வைத்துப் பார்ப்பது தப்பில்லை.

திரும்ப நம் நாலறை வீட்டுக்கு வருவோம், 50.3ஐ என்ன செய்வது? மெயினை மாற்றுவதற்கு முன் சும்மா கிடைக்கிற வழிகள் சில இருக்கின்றன. வாஷிங் மெஷினைப் பச்சைத் தண்ணீரில் ஓட விட்டாலே சூடாக்கும் பங்கு போய்விடும், கிட்டத்தட்ட 7 ஆம்பியர் மிச்சம், மாலைக் கணக்கு 43 பக்கம் இறங்கி, தட்டக்கூடாத எல்லைக்குள் வந்துவிடும். இண்டக்‌ஷன் அடுப்புகள் பலவற்றில் அதிகபட்ச வாட்டைக் குறைத்து அமைக்கும் வசதி உண்டு, பொருத்த வருபவரிடம் கேட்டால் செய்து கொடுப்பார், பலருக்கு இது தெரியாது. அடுப்பு மட்டும் கேஸாக இருந்தால் 15.2 மொத்தமாகப் போய் கணக்கு 35க்கு வந்துவிடும். தோசைக்கல்லுக்குக் கேஸ்தான் லாயக்கு என்று அடம்பிடிக்கும் அம்மாக்கள் தெரியாமலேயே மெயின் சுவிட்சுக்கும் நல்லது செய்திருக்கிறார்கள். டேங்க் ஹீட்டரை எடுத்துவிட்டு இரண்டு குளியலறையிலும் 3.3 கிலோவாட் உடனடி ஹீட்டர் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள்: 13 போய் 28.7 வரும், காலை 36.8 அப்படியே 52.5 ஆகிவிடும். பில்லுக்கு அது நல்லதாக இருக்கலாம், உச்சத் தேவைக்கு இல்லை.

மல்டி-பிளக் பற்றியும் ஒரு வரி. மெயினில் இடம் இருந்தாலும் ஒரு 13 ஆம்பியர் சாக்கெட் வழியாகப் போகக்கூடியது 3 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவுதான். கெட்டிலையும் மைக்ரோவேவையும் ஒரே மல்டி-பிளக்கில் செருகினால் 14.8 ஆம்பியர், மெயின் கண்டுகொள்ளாது, சூடாவது அந்த பிளக்தான்.

இந்தக் கணக்கைப் போட வேண்டிய நேரம் புது வீட்டுச் சாவி கையில் கிடைத்ததும், ரெனோவேஷன்காரர் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன். வாங்கப் போகிற சாமான்களின் மாடல் எண்ணையும் வாட்டையும் ஒரு தாளில் எழுதி, அதற்குக் கீழே காலை ஆறேகாலுக்கும் மாலை ஏழரைக்கும் எது எது ஒன்றாக ஓடும் என்று இரண்டு பட்டியல் போட்டு மின்பணியாளரிடம் கொடுங்கள். "எல்லாம் வழக்கமானதுதான், பார்த்துச் செய்யுங்கள்" என்று விட்டால் அவர் வழக்கமானதையே செய்வார், உங்கள் வீட்டுப் பழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? ஏற்கெனவே குடியிருக்கும் வீடென்றால், மாலை ஏழரைக்கு அவரை வரச் சொல்லி மெயின் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பகல் பதினொரு மணிக்கு வந்து அளந்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போவதில் பிரயோசனம் இல்லை.